பிரையன் பிக்கோலோ

பிரையன் பிக்கோலோ (முழுப்பெயர்: லூயி பிரையன் பிக்கோலோ, அக்டோபர் 31, 1943 - ஜூன் 16, 1970) ஓர் அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். தேசியக் காற்பந்துக் கூட்டிணைவில் (என்.எஃப்.எல்.) சிகாகோ பேர்ஸ் அணிக்காக 1966 முதல் 1969 வரை நான்கு பருவங்கள் ரன்னிங் பேக் எனப்படும் ஓட்ட வீரராக விளையாடினார். அதே அணியில் அதே இடத்தில் ஆடிய கேல் சேயர்ஸ், அக்காலத்தின் மிகச் சிறந்த ஓட்ட வீரர்களுள் ஒருவர். சேயர்ஸுக்கு மாற்று வீரராகவே பிக்கோலோவின் ஆட்டக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. இருவரும் ஓடும் முறையில் நேர் எதிரானவர்கள். ஒரே இடத்துக்குப் போட்டியிட்டவர்கள் என்றாலும் நெருங்கிய நண்பர்களாக விளங்கினர். பிக்கோலோ புற்றுநோயால் தமது 26 ஆவது வயதில் காலமானார். இவர்களது நட்பை அடிப்படையாகக் கொண்டு 1971 இல் வெளியான "பிரையன்ஸ் சாங்" என்னும் தொலைக்காட்சித் திரைப்படம் இவரது பெயரை உலகறியச் செய்தது.

இளமைக் காலம்

பிக்கோலோ அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிட்ஸ்ஃபீல்டு நகரில் பிறந்தார். பெற்றோர் ஜோசப், ஐரீன். மூன்று ஆண் மக்களுள் இவரே இளையவர். இவருக்கு மூன்று வயதானபோது, சகோதரர் ஒருவரின் உடல்நலம் கருதிக் குடும்பம் வெப்பமான புளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேல் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு சென்ட்ரல் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1961 இல் படிப்பை முடித்தார். இப்பள்ளி பின்னர் புனித தாமஸ் அக்குவைனாஸ் உயர்நிலைப் பள்ளி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பள்ளியில் காற்பந்தாட்டத்தில் சிறந்து விளங்கியபோதும், பேஸ்பால் ஆட்டத்தையே தமது முதன்மை விளையாட்டாக இவர் கருதினார். பள்ளிப் படிப்பு முடிந்தபோது விளையாட்டு உதவித்தொகையுடன் இவரை அழைத்த பல்கலைக்கழகங்கள் இரண்டே. ஒன்று கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் இருந்தது. மற்றொன்று வட கரோலினா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம் நகரில் உள்ள வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகம். பிக்கோலோ இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் இவரது நண்பரான கேல் சேயர்ஸ் பிறந்த ஊர் விச்சிட்டா என்பது குறிப்பிடத்தக்கது.

வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகத்தில்

பிக்கோலோ சேர்ந்த காலத்தில் வேக் பாரஸ்ட் அணி அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் வலுவற்ற அணிகளுள் ஒன்றாக இருந்தது. 1963 ஆம் ஆண்டுப் பருவத்தில் அது ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது.

அந்த ஆண்டில் நடந்த ஒரு நிகழ்வு இவரது பண்பைக் காட்டுவதாக நினைவுகூரப்படுகிறது. மேரிலாந்து பல்கலைக்கழக அணியின் டாரில் ஹில், அக்கூட்டமைப்பில் காற்பந்து ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆவார். தென் மாநிலங்களில் இனப் பாகுபாடு வேரூன்றியிருந்த காலம் அது. மேரிலாந்து அணி வின்ஸ்டன்-சேலத்துக்கு வந்தபோது கூடியிருந்த மக்கள் ஹில்லை ஏசிக் கூச்சலிட்டனர். ஆட்டம் தொடங்கும் முன் பிக்கோலோ எதிரணியின் பக்கம் நடந்து சென்று, ஹில்லின் தோள்மீது கைபோட்டு, தம் அணியின் ஆதரவாளர்கள் அமர்ந்திருந்த பக்கத்துக்கு அவரை அழைத்து வந்தார். கூச்சல் அடங்கியது.  இந்நிகழ்வைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஹில்லே வெளியுலகுக்கு எடுத்துரைத்தார்.

1964 ஆம் ஆண்டு இவரது கல்லூரி வாழ்வின் உச்சமாகும். பில் டேட் என்பவர் புதிய பயிற்றுநராகப் பொறுப்பேற்ற அந்தப் பருவத்தில் பிக்கோலோ பந்துடன் ஓடி 1,044 யார்டுகளைக் கடந்தார் (ஒரு யார்டு என்பது ஏறத்தாழ 0.91 மீட்டர்). 111 புள்ளிகளையும் பெற்றார். ஓட்டத் தொலைவு, புள்ளிகள் ஆகிய இரண்டிலும் நாட்டின் அனைத்துக் கல்லூரி வீரர்களுள் இவரே முதலிடம் பிடித்தார். கூட்டமைப்பின் அந்த ஆண்டின் சிறந்த வீரராகவும் தேர்வு செய்யப்பட்டார். முந்தைய ஆண்டு ஒன்றில் மட்டும் வென்ற அணி இம்முறை ஐந்து ஆட்டங்களில் வென்றது.

தேர்ந்தெடுக்கப்படாத வீரர்

கல்லூரி ஆட்டத்தை முடிக்கும் வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு "டிராஃப்ட்" எனப்படுகிறது. 1965 ஆம் ஆண்டுப் பருவத்துக்கான என்.எஃப்.எல். தேர்வு இருபது சுற்றுகளைக் கொண்டிருந்தது; மொத்தம் 280 வீரர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அதற்குப் போட்டியாக அப்போது இயங்கிய அமெரிக்கக் காற்பந்துக் கூட்டிணைவும் (ஏ.எஃப்.எல்.) தனியாகத் தேர்வு நடத்தியது. நாட்டிலேயே மிகுந்த தொலைவு ஓடியிருந்த பிக்கோலோவை இவ்விரண்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. தொழில்முறை ஆட்டத்துக்கு இவரது உடற்கட்டு போதாது, வேகமும் போதாது என்பதே அணிகளின் கணிப்பாக இருந்தது.

1964 டிசம்பர் 26 அன்று பிக்கோலோ தமது பள்ளிக்காலத் தோழி ஜாயை மணந்தார். இவர்களுக்கு மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். 1965 இல் சிகாகோ பேர்ஸ் அணி இவரைத் தேர்வு முறைக்கு வெளியே, தனி ஒப்பந்தம் மூலம் சேர்த்துக் கொண்டது. முதல் ஆண்டு முழுவதும் பயிற்சிக் குழுவிலேயே இருந்தார். பயிற்சிகளில் பங்குகொள்ளலாம், ஆனால் ஆட்டங்களில் இறங்க இயலாது. 1966 இல் முதன்மை அணியில் இடம் கிடைத்தது. எனினும் பந்து உதைக்கப்படும் வேளைகளில் மட்டும் களமிறங்கும் சிறப்புக் குழுவிலேயே பெரும்பாலும் ஆடினார். அந்தப் பருவம் முழுவதும் இவர் பந்தை ஏந்தி ஓடியது மூன்றே முறை.

கேல் சேயர்ஸ்

பிக்கோலோவை ஒருவரும் தேர்ந்தெடுக்காத அதே 1965 ஆம் ஆண்டுத் தேர்வில், சிகாகோ பேர்ஸ் அணி தனது முதல் சுற்று வாய்ப்பொன்றில், மொத்த வரிசையில் நான்காவதாகத் தேர்ந்தெடுத்தவர் கேல் சேயர்ஸ் (மே 30, 1943 - செப்டம்பர் 23, 2020). நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் வளர்ந்த இவர், கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோதே "கன்சாஸ் வால்மீன்" என்னும் பட்டப்பெயர் பெற்றிருந்தார். 1963 இல் நெப்ராஸ்கா அணிக்கு எதிராகக் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 99 யார்டுகள் ஓடியவர்.

தொழில்முறை ஆட்டத்தின் முதல் ஆண்டிலேயே சேயர்ஸ் 22 டச் டவுன்கள் எடுத்தார். புதிய வீரர் ஒருவருக்கு அது சாதனையாகும். 1965 டிசம்பர் 12 அன்று சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் அணிக்கு எதிராகச் சேறாகிக் கிடந்த ரிக்லி களத்தில் ஒரே ஆட்டத்தில் ஆறு டச் டவுன்கள் எடுத்தார். மற்றவர்கள் வழுக்கி விழுந்த மண்ணில் இவர் மட்டும் உலர்ந்த தரையில் ஓடுபவரைப் போல் திசைமாறி ஓடினார். 1966 இல் 1,231 யார்டுகளுடன் ஓட்டத்தில் என்.எஃப்.எல். முழுவதற்கும் முதல்வரானார். பிக்கோலோ எவருடைய இடத்துக்காகக் காத்திருந்தார் என்பதை இவ்விவரங்கள் விளக்கும்.

இருவரின் ஓட்ட முறைகள்

அமெரிக்கக் காற்பந்தாட்டம் நம் நாடுகளில் ஆடப்படும் காற்பந்தாட்டத்தினின்றும் வேறானது. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் பத்து யார்டுகள் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் அது டச் டவுன். அதற்கு ஆறு புள்ளிகள். ரன்னிங் பேக் என்பவர் தமது அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று, பந்தைக் கையில் பெற்று ஓடுபவர். இவ்விடம் இரு வகைப்படும். ஹாஃப்பேக் பெரும்பாலும் பந்தை ஏந்தி ஓடுவார். ஃபுல்பேக் ஓடுவதோடு, ஹாஃப்பேக்குக்கு முன்னால் சென்று எதிராளிகளை மோதித் தடுத்து வழியமைத்தும் தருவார்.

உயரத்திலும் எடையிலும் பிக்கோலோவுக்கும் சேயர்ஸுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இருவருமே ஆறடி உயரம் கொண்டவர்கள். பிக்கோலோ 205 பவுண்டு (93 கிலோகிராம்) எடையும், சேயர்ஸ் 198 பவுண்டு (90 கிலோகிராம்) எடையும் உடையவர்கள். எனவே இவர்களது ஆட்டத்தின் வேறுபாட்டை உடலளவால் விளக்க இயலாது. ஓடும் முறையே அவர்களை வேறுபடுத்தியது.

சேயர்ஸின் முறை

சேயர்ஸின் தனித்திறன் வேகம் குறையாமல் திசை மாறுவது. சாதாரண ஓட்ட வீரர் திசை மாற வேண்டுமானால் இரண்டு மூன்று சிற்றடிகள் வைத்து வேகத்தைத் தணிப்பார், பிறகு திரும்புவார். அந்த இடைவெளியில் எதிராளி அவரைப் பிடித்துவிடுவார். சேயர்ஸோ ஒற்றைக் காலை ஊன்றி, முழு வேகத்திலேயே பக்கவாட்டில் வெட்டித் திரும்பினார். சடுகுடு ஆடுபவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் பிடிபடாமல் நழுவுவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

இத்தகைய ஓட்டம் களத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்துவது. திட்டமிட்ட வழி அடைபட்டால் சேயர்ஸ் அதை விட்டுவிட்டு எதிர்ப்புறம் ஓடுவார். சில வேளைகளில் பின்னோக்கிச் சென்று சில யார்டுகளை இழக்கவும் நேரும். ஆனால் ஒரு சிறு இடைவெளி கிடைத்தால் ஐம்பது யார்டுகளையும் அதற்கு மேலும் கடந்துவிடுவார். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடுவதில் அவர் இணையற்றவராகத் திகழ்ந்ததற்கும் இதுவே காரணம். அத்தகைய ஓட்டங்களில் அவரது வாழ்நாள் சராசரி 30 யார்டுகளுக்கும் மேல்.

இம்முறையின் விலை முழங்காலில் இருந்தது. முழு வேகத்தில் ஓடும் உடலின் எடை முழுவதையும், திரும்பும் கணத்தில் ஒற்றைக் காலே தாங்குகிறது. பாதம் மண்ணில் ஊன்றியிருக்கையில் பக்கவாட்டிலிருந்து எதிராளி மோதினால், அந்த விசை முழங்காலின் தசைநார்கள் மீது இறங்கும்.

பிக்கோலோவின் முறை

பிக்கோலோ நேர்க்கோட்டில் ஓடுபவர். தமக்கு வகுக்கப்பட்ட வழியிலேயே, தடுப்பாட்டக்காரர்களின் முதுகை ஒட்டிச் சென்று, அவர்கள் திறந்துவிடும் இடைவெளியில் தயங்காமல் நுழைவார். எதிராளியை ஏய்ப்பதைவிட அவர்மீது மோதி, விழும்போதும் முன்னோக்கி விழுந்து ஓரிரு யார்டுகளைக் கூடுதலாகப் பெறுவது இவரது வழக்கம். நெடிய ஓட்டங்கள் இவரிடமிருந்து அரிதாகவே வந்தன. அதே வேளையில் பின்னோக்கிச் சென்று யார்டுகளை இழப்பதும் குறைவு. மூன்று யார்டுகள் தேவைப்படும் இடத்தில் மூன்று யார்டுகளைப் பெற்றுத் தருவதே இவருடைய பணியாக இருந்தது.

ஓட்டம் தவிர்த்த பிற பணிகளிலும் இவர் பயன்பட்டார். பந்தெறி வீரரைக் காக்கும் தடுப்பாட்டத்திலும், குறுந்தொலைவில் எறியப்படும் பந்தைப் பிடிப்பதிலும் நம்பிக்கைக்குரியவர். ஹாஃப்பேக், ஃபுல்பேக் ஆகிய இரண்டு இடங்களுக்கும் உரிய ஆட்டத்திட்டங்களைக் கற்று வைத்திருந்தார். இயற்கை தராத வேகத்தை உழைப்பால் ஈடுசெய்தவர் என்று இவரைக் குறிப்பிடலாம்.

எண்கள் காட்டும் வேறுபாடு

இருவரின் வேறுபாட்டைச் சராசரிகள் தெளிவாகக் காட்டுகின்றன. சேயர்ஸ் தமது ஆட்டக்காலம் முழுவதிலும் 991 முறை பந்துடன் ஓடி 4,956 யார்டுகள் பெற்றார். ஓர் ஓட்டத்துக்கு 5.0 யார்டுகள். பிக்கோலோ 258 முறை ஓடி 927 யார்டுகள் பெற்றார். ஓர் ஓட்டத்துக்கு 3.6 யார்டுகள். 1.4 யார்டு என்பது சிறு தொலைவாகத் தோன்றலாம். ஆனால் பத்து யார்டுகளைக் கடக்கச் சேயர்ஸின் சராசரிக்கு இரண்டு முயற்சிகள் போதும். பிக்கோலோவின் சராசரிக்கு மூன்று தேவைப்படும்.

எனினும் சராசரி ஒன்றை மறைக்கிறது. சேயர்ஸின் சராசரியில் ஒருசில மிக நெடிய ஓட்டங்களும் பல சிறு ஓட்டங்களும் கலந்துள்ளன. நெடிய ஓட்டங்கள் ஆட்டத்தின் போக்கையே மாற்றுபவை. ஆயினும் அடுத்தது எப்போது வரும் என எவரும் முன்கூட்டிக் கூற இயலாது. பிக்கோலோவின் ஓட்டங்கள் பெரும்பாலும் ஒரே அளவினவாக அமைந்தன. பயிற்றுநர்களுக்கு இவ்விரு வகை வீரர்களும் தேவை. ஆயினும் ஓரிடமே இருக்கையில் சேயர்ஸைப் போன்ற ஒருவரை வெளியே அமர்த்த எவரும் துணியார்.

அறைத்தோழர்கள்

அக்காலத்தில் வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும் அணிகள், விடுதிகளில் வெள்ளையின வீரர்களையும் கறுப்பின வீரர்களையும் தனித்தனி அறைகளில் தங்கவைப்பது வழக்கம். 1967 இல் சிகாகோ பேர்ஸ் அணி, ஆடும் இடத்தை ஒட்டி வீரர்களை இணைத்துத் தங்கவைக்க முடிவு செய்தது. ஒரே இடத்தில் ஆடிய சேயர்ஸும் பிக்கோலோவும் ஓர் அறையில் தங்கினர். அவ்வணியின் வரலாற்றில் வேறுபட்ட இனத்தைச் சேர்ந்த இருவர் அறைத்தோழர்களானது இதுவே முதல் முறை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்படுவதற்கு முந்தைய ஆண்டு அது.

இயல்பிலும் இருவரும் மாறுபட்டவர்கள். சேயர்ஸ் கூச்சமும் மௌனமும் மிக்கவர். பிக்கோலோ ஓயாமல் பேசுபவர். கேலியும் கிண்டலும் நிறைந்தவர். நாட்டையே பிளவுபடுத்திய இனப் பகையைக்கூடத் தங்களுக்குள் நகைப்புக்குரிய பொருளாக்கிக் கொள்ளும் அளவுக்கு அவர்களது நட்பு வளர்ந்தது. களத்தில் 1967 ஆம் ஆண்டில் சேயர்ஸ் 880 யார்டுகள் ஓடினார். அவருக்கு மாற்றாக இறங்கிய பிக்கோலோ 317 யார்டுகள் ஓடினார்.

1968: இடம் மாறிய பருவம்

1968 ஆம் ஆண்டு சேயர்ஸ் தமது திறனின் உச்சத்தில் இருந்தார். ஒன்பது ஆட்டங்களில் 856 யார்டுகள் ஓடியிருந்தார், சராசரி 6.2 யார்டுகள். நவம்பர் 10 அன்று சான் பிரான்சிஸ்கோ அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவரது வலது கால் தரையில் ஊன்றியிருந்த வேளையில் எதிரணி வீரர் ஒருவர் தாழ்வாக வந்து மோதினார். முழங்காலின் தசைநார்கள் அறுந்தன. அறுவை சிகிச்சை செய்யப்பட்டது; பருவம் அத்துடன் முடிந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை இன்றுள்ள அளவுக்கு வளர்ச்சியடையாத அக்காலத்தில், இத்தகைய காயம் பல வீரர்களின் ஆட்டவாழ்வையே முடித்துவிட்டிருந்தது.

மூன்றாண்டுகள் காத்திருந்த பிக்கோலோவுக்கு வாய்ப்பு கிடைத்தது. ஆனால் அது நண்பரின் காயத்தால் கிடைத்த வாய்ப்பு. எஞ்சிய ஐந்து ஆட்டங்களிலும் அணியின் ஓட்டச் சுமை இவர்மீது விழுந்தது. அந்தப் பருவத்தில் மொத்தம் 123 முறை ஓடி 450 யார்டுகள் பெற்றார். 28 பந்துகளைப் பிடித்து மேலும் 291 யார்டுகள் சேர்த்தார். இதுவே இவரது தொழில்முறை வாழ்வின் சிறந்த பருவமாகும். சேயர்ஸ் ஆடியபோது ஐந்து வெற்றி, நான்கு தோல்வி என்றிருந்த அணி, எஞ்சிய ஆட்டங்களில் இரண்டில் வென்று மூன்றில் தோற்றது. டிசம்பர் 15 அன்று கடைசி ஆட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியிடம் 28-27 என ஒரே புள்ளியில் தோற்றுத் தனது பிரிவின் முதலிடத்தை இழந்தது.

சேயர்ஸ் மீண்டும் ஓடிப் பழகிய மாதங்களில் பிக்கோலோ அவருக்குத் துணை நின்று ஊக்கமளித்தார். சேயர்ஸ் குணமடைந்து திரும்பினால் தமக்குக் கிடைத்த இடம் பறிபோகும் என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

1969

1969 இல் சேயர்ஸ் மீண்டு வந்தார். 236 முறை ஓடி 1,032 யார்டுகளுடன் மீண்டும் என்.எஃப்.எல்.லின் முதல் ஓட்ட வீரரானார். ஆனால் அவரது ஓட்டம் மாறியிருந்தது. பழைய வெட்டுத் திருப்பங்களும் மின்னல் வேகமும் குறைந்தன. களத்தின் ஓரங்களைத் தேடி ஓடாமல், தடுப்பாட்டக்காரர்களின் பின்னால் நேராக நுழைந்து, மோதி, சிறு சிறு தொலைவுகளாகச் சேர்த்தார். சராசரி 4.4 யார்டுகளாகக் குறைந்தது. அதாவது, காயத்துக்குப் பிந்தைய சேயர்ஸ் ஓரளவுக்குப் பிக்கோலோவின் வழியில் ஓடிச் சாதித்தார் எனலாம்.

பிக்கோலோ மீண்டும் மாற்று வீரரானார். பின்னர் ஃபுல்பேக் இடத்தில் ஆடும் வாய்ப்புப் பெற்றபோது, நண்பர்கள் இருவரும் ஒரே வேளையில் அருகருகே நின்று ஆடினர். ஒருவருக்கு மாற்றாக மற்றவர் என்ற நிலை மாறி, ஒருவர் வழியமைக்க மற்றவர் ஓடும் நிலை உண்டானது. அது நீடிக்கவில்லை. அந்தப் பருவத்தில் பேர்ஸ் அணி பதினான்கு ஆட்டங்களில் பதின்மூன்றில் தோற்றது.

நோயும் மறைவும்

1969 நவம்பர் 16 அன்று அட்லாண்டாவில் ஃபால்கன்ஸ் அணிக்கு எதிராக நடந்த ஆட்டத்தில், நான்காம் கால்பகுதியில் பிக்கோலோ ஒரு டச் டவுன் எடுத்தார். அதன்பின் மூச்சுவிடச் சிரமமாக உள்ளது எனக் கூறித் தாமாகவே களத்தை விட்டு வெளியேறினார். வாய்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஒருவர் தாமாக வெளியேறியது சக வீரர்களுக்கு வியப்பை அளித்தது. சில காலமாகவே இவருக்கு விடாத இருமல் இருந்து வந்தது.

சிகாகோ திரும்பியதும் எடுக்கப்பட்ட மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் ஒரு கட்டியைக் காட்டியது. சோதனையில் அது எம்பிரியோனல் செல் கார்சினோமா என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது. இது இனப்பெருக்க உயிரணுக்களிலிருந்து தோன்றும் புற்றுநோய் வகை. பெரும்பாலும் இளம் ஆண்களின் விதைகளில் காணப்படுவது; விரைந்து பரவக்கூடியது. பிக்கோலோவுக்கு அது மார்புக்கூட்டினுள் பெருங்கட்டியாக வளர்ந்திருந்தது. நவம்பர் 28 அன்று நியூயோர்க் நகரின் மெமோரியல் ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் கட்டி அகற்றப்பட்டது. தொடர்ந்து மருந்துச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது.

1970 தொடக்கத்தில் நோய் மீண்டும் தலைகாட்டியது. ஏப்ரலில் நடந்த இரண்டாவது அறுவை சிகிச்சையில் இடது நுரையீரலும் மார்புத் தசையும் அகற்றப்பட்டன. அப்போதும் தளராமல் உற்சாகமாகவே பேசிவந்தார் என்று இவரைக் கண்டவர்கள் குறிப்பிடுகின்றனர். ஜூன் மாதத்தில் நோய் கல்லீரல் உள்ளிட்ட பிற உறுப்புகளுக்கும் பரவியிருப்பது தெரிந்தது. 1970 ஜூன் 16 அன்று பிக்கோலோ காலமானார். மனைவியையும் மூன்று சிறு பெண் குழந்தைகளையும் விட்டுச் சென்றார். இவரது உடல் இல்லினாய் மாநிலத்தின் எவர்கிரீன் பார்க் நகரில் உள்ள புனித மரியாள் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. உடலைச் சுமந்த அணித்தோழர்களுள் சேயர்ஸும் ஒருவர்.

ஆலஸ் விருது

முழங்கால் காயத்திலிருந்து மீண்டு சாதித்தமைக்காக, மிகுந்த மனத்துணிவு காட்டிய வீரருக்கான ஜார்ஜ் ஆலஸ் விருது சேயர்ஸுக்கு அறிவிக்கப்பட்டது. 1970 மே 25 அன்று நியூயோர்க்கில் நடந்த விழாவில் அவர் ஆற்றிய உரை பரவலாக அறியப்பட்டது. அவ்விருது உண்மையில் பிக்கோலோவுக்கே உரியது என்றும், அன்றிரவு அதனை ஏற்றுக்கொள்வது தாமெனினும் மறுநாள் அது பிக்கோலோவிடம் இருக்கும் என்றும் சேயர்ஸ் கூறினார். நண்பருக்காக இறைவனை வேண்டிக்கொள்ளுமாறு கூடியிருந்தோரைக் கேட்டுக்கொண்டார். அதற்கு இருபத்திரண்டு நாட்களுக்குப் பின் பிக்கோலோ மறைந்தார்.

சேயர்ஸின் ஆட்டவாழ்வும் அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை. 1970 இல் இடது முழங்காலிலும் காயமுற்றார். 1970, 1971 ஆகிய இரு பருவங்களிலும் தலா இரண்டு ஆட்டங்களே ஆடினார். 1972 இல் ஓய்வு பெற்றார். மொத்தம் 68 ஆட்டங்களே ஆடியபோதும், 1977 இல் தமது 34 ஆவது வயதில் தொழில்முறைக் காற்பந்துப் புகழவையில் சேர்க்கப்பட்டார். அதுவரை எவரும் அத்தனை இளம் வயதில் அங்கு இடம் பெற்றதில்லை.

நூலும் திரைப்படமும்

சேயர்ஸ் 1970 இல் வெளியிட்ட "ஐ ஆம் தேர்டு" என்னும் தன்வரலாற்றில் பிக்கோலோவுடனான நட்பைப் பற்றி எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்ட "பிரையன்ஸ் சாங்" திரைப்படம் 1971 நவம்பர் 30 அன்று ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பிக்கோலோவாக ஜேம்ஸ் கானும், சேயர்ஸாக பில்லி டீ வில்லியம்ஸும் நடித்தனர். இது எம்மி விருதுகள் பெற்றது. 2001 இல் மீண்டும் படமாக்கப்பட்டது.

திரைப்படத்தைக் கொண்டு வரலாற்றை அறிய முற்படுவோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இருவரும் 1965 ஆம் ஆண்டுப் பயிற்சி முகாமிலேயே அறைத்தோழர்களானதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அது 1967 இல் நிகழ்ந்தது. ஜீனி மோரிஸ் எழுதிய பிக்கோலோவின் வாழ்க்கை வரலாற்று நூல் 1971 இல் வெளிவந்தது.

நினைவுகள்

- பிக்கோலோ அணிந்த 41 ஆம் எண்ணைச் சிகாகோ பேர்ஸ் அணி வேறு எவருக்கும் வழங்குவதில்லை.
- பேர்ஸ் அணி 1970 முதல் தன் புதிய வீரர் ஒருவருக்குப் பிரையன் பிக்கோலோ விருது வழங்கத் தொடங்கியது. 1992 முதல் மூத்த வீரர் ஒருவருக்கும் வழங்கலாயிற்று.
- அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பு, துணிவுமிக்க வீரருக்கான விருதுக்கு இவரது பெயரைச் சூட்டியது.
- வேக் பாரஸ்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 1980 முதல் இவரது பெயரால் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டத் தொடங்கினர்.
- இவரது குடும்பத்தினரும் நண்பர்களும் இவர் பெயரில் புற்றுநோய் ஆய்வு நிதியம் ஒன்றை நிறுவினர்.

நோயின் இன்றைய நிலை

பிக்கோலோவின் காலத்தில் பரவிவிட்ட இவ்வகைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் மிகச் சிலரே. 1974 இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், பிளாட்டினம் கலந்த சிஸ்பிளாட்டின் மருந்தைப் பிற மருந்துகளுடன் சேர்த்துப் பயன்படுத்தி, பரவிய நிலையிலும் இந்நோயைக் குணப்படுத்த இயலும் எனக் காட்டினார். 1978 இல் அம்மருந்துக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. விதைகளில் தோன்றும் இவ்வகைப் புற்றுநோய் இன்று பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் குணமாகிறது. மார்புக்கூட்டில் தோன்றுவது இன்றும் கடினமானதே. எனினும் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கின்றனர். பிக்கோலோவின் மறைவுக்கும் இம்மருந்தின் முதல் வெற்றிக்கும் இடையே இருந்தது நான்கு ஆண்டுகளே.

ஆட்டப் புள்ளிவிவரங்கள்

- 1966: 3 ஓட்டங்கள், 12 யார்டுகள்
- 1967: 87 ஓட்டங்கள், 317 யார்டுகள், 13 பிடிகள், 103 யார்டுகள்
- 1968: 123 ஓட்டங்கள், 450 யார்டுகள், 2 டச் டவுன்கள்; 28 பிடிகள், 291 யார்டுகள்
- 1969: 45 ஓட்டங்கள், 148 யார்டுகள், 2 டச் டவுன்கள், 17 பிடிகள், 143 யார்டுகள்
- மொத்தம்: 258 ஓட்டங்கள், 927 யார்டுகள், 4 டச் டவுன்கள்; 58 பிடிகள், 537 யார்டுகள், 1 டச் டவுன்